இருபது ரூபாய் வேண்டுதல்

பரந்தாமன் தலையில் முடி கிடையாது. இந்தக் கதை முழுக்க அந்த ஒரு விஷயத்தின் மேல்தான் நிற்கிறது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காதுக்கு மேலே இரண்டு பக்கமும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, பின்கழுத்தில் ஒரு வரிசை. அதற்கும் மாதம் ஒருமுறை கறுப்பு டை அடிப்பான். தலையில் போன நஷ்டத்தை மீசையில் ஈடுகட்டியிருந்தான். அடர்த்தியான, முனை முறுக்கிய மீசை. கடைக்கு வருகிற வியாபாரிகள் பில்லைப் பார்ப்பதற்கு முன் அந்த மீசையைத்தான் பார்ப்பார்கள்.

என் பெயர் ஷரீப். திருத்தணியில் அரக்கோணம் சாலையில் டூவீலர், ஆட்டோ மெக்கானிக் கடை வைத்திருக்கிறேன். பக்கத்துக் கடை அவனுடையது. பள்ளிப்பட்டுத் தறிகளிலிருந்து லுங்கி எடுத்துவந்து மொத்த வியாபாரம் செய்கிறான். அவன் என்னை பாய் என்பான், நான் அவனைப் பரந்தாமா என்பேன். கோபம் வந்தால் வேறு மாதிரியும் கூப்பிடுவேன், அதை எழுதினால் நன்றாக இருக்காது.

அவன் மனைவி சந்திரா வீட்டு முன்னறையில் மிஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறாள். புருஷனுக்குக் கொடுக்க மறந்ததை எல்லாம் ஆண்டவன் அவளுக்குச் சேர்த்துக் கொடுத்துவிட்டான். அவிழ்த்துவிட்டால் முழங்காலுக்கு வரும் முடி. வெள்ளிக்கிழமை காலையில் சீயக்காய் தேய்த்துக் குளித்துவிட்டு மொட்டை மாடியில் அவள் முடி உலர்த்தினால், எதிர்வீட்டுப் பெண்கள் துணி காயப்போடுகிற சாக்கில் மேலே வந்துவிடுவார்கள். அவள் ஸ்கூட்டரின் பின்சக்கரத்தில் ஜடை மாட்டிக்கொள்ளக் கூடாது என்று நான்தான் கம்பி வலை அடித்துக் கொடுத்தேன். சேலை மாட்டாமலிருக்க எல்லா வண்டிக்கும் ஒரு பக்கம் வலை இருக்கும். அவள் வண்டிக்கு மட்டும் இரண்டு பக்கமும்.

பரந்தாமனுக்கு ஷேர் பைத்தியம் பிடித்தது போன வருடம். பெரிய கம்பெனி ஷேர் ஒன்றுக்குக் கொடுக்கிற காசில் சின்னக் கம்பெனி ஷேர் ஒரு மூட்டை வாங்கலாம் என்பது அவன் கணக்கு. லுங்கி வியாபாரி அல்லவா, டஜன் கணக்கில் யோசிக்கிறவன். 'கனகவாஹினி எனர்ஜி' என்று ஒன்றைப் பிடித்தான். அது முதலில் பிஸ்கட் கம்பெனியாக இருந்ததாம், பிறகு சாஃப்ட்வேராம், இப்போது பேட்டரியாம். பிஸ்கட்டே ஒழுங்காகப் போடத் தெரியாதவன் பேட்டரி எப்படிப் போடுவான் என்று கேட்டேன். நீ ஸ்பேனரைப் பிடி பாய் என்று சொல்லிவிட்டான். ஒன்றின் விலை நான்கு ரூபாய். கடைக்கு மேலே மாடி கட்ட வைத்திருந்ததை எல்லாம் அதில் போட்டான். சும்மா இருக்க முடியாமல் நானும் கொஞ்சம் போட்டேன்.

அந்தக் கம்பெனி எம்.டி. ஹைதராபாத்தில் இருந்துகொண்டு வாரம் தவறாமல் வீடியோவில் வருவார். கோட்டு, நெற்றியில் குங்குமம், பின்னால் தொட்டியில் ஒரு பெரிய செடி. தெலுங்கு பாதி இங்கிலீஷ் பாதியாகப் பேசுவார். பங்குதாரர்கள்தான் என் குடும்பம், ஆறு மாதத்தில் தமிழ்நாட்டு எல்லையில் ஃபாக்டரி ஓடும், விலை இருபது ரூபாய் ஆகாமல் நான் தூங்க மாட்டேன் என்பார். ஃபாக்டரி வருகிற இடம் நம்ம கே.ஜி.கண்டிகைப் பக்கம் என்று தெரிந்ததும் பரந்தாமன் எம்.டி.யைச் சொந்தக்காரனாகவே நினைக்க ஆரம்பித்துவிட்டான். தெலுங்கில் மச்சானைக் கூப்பிடுகிற மாதிரி 'பாவா' என்றுதான் அவரைச் சொல்வான். பாவா இன்னும் தூங்கல போலக்குது பாய், கண்ணெல்லாம் செவந்துகீது என்று கவலைப்படுவான்.

ஆடிக் கிருத்திகை வந்தது. அந்த நாளில் எங்கள் ஊர் எப்படி இருக்கும் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. காவடியும் மஞ்சள் சேலையுமாக மலை முழுக்க ஆட்கள். பரந்தாமனும் போய் வந்தான். மறுநாள் டீக்கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தான். என்ன என்று கேட்டதும் சொன்னான்.

இருபது ரூபாய் ஆனால் மொட்டை போடுகிறேன் என்று வேண்டிக்கொள்ளத்தான் போயிருக்கிறான். வரிசையில் மணிக்கணக்காக நின்று, கடைசியில் சன்னிதிக்கு நேராக வந்து, கண்ணை மூடி, முருகா இருபது ரூபாய் ஆக்கிக் கொடு, உனக்கு முடி தருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தலையில் கையை வைத்திருக்கிறான். அங்கே என்ன இருக்கிறது? பின்னால் கூட்டம் தள்ளுகிறது, முன்னால் நகருங்க நகருங்க என்கிறார்கள். சொன்ன சொல்லைப் பாதியில் விடக் கூடாதே என்கிற அவசரத்தில், என் பெண்டாட்டி சந்திரா முடியைத் தருகிறேன் சாமி என்று முடித்துவிட்டு வெளியே வந்து விழுந்திருக்கிறான்.

எனக்குச் சிரிப்பு வந்தது, பாதியிலேயே நின்றுவிட்டது. அவளைக் கேட்டாயா என்றேன். சன்னிதியில் நின்றுகொண்டு போன் போட முடியுமா என்றான். சரி, இப்போதாவது போய்ச் சொல் என்றேன். விலை இருபது ஆகட்டும், அவளே சந்தோஷத்தில் மலையேறி வருவாள் என்றான். இருந்தாலும் சொல்லிவிடுவதாக வாக்குக் கொடுத்தான். ஆடி போகட்டும், சொல்லிவிடுகிறேன் என்றான். ஆடி போனதும் தீபாவளி சரக்கு வேலை முடியட்டும் என்றான். தீபாவளி போனதும் கார்த்திகை தீபம் என்றான். அதே மாதங்களில் எம்.டி.யும் வீடியோவில் மழை நிற்கட்டும், பண்டிகை முடியட்டும், மெஷின் சீனாவிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். விலை நான்கிலிருந்து மூன்றுக்கு வந்து, அங்கிருந்து இரண்டைப் பார்த்து நகர்ந்தது.

ஐப்பசியில் ஒரு காலை. பரந்தாமன் முகம் வெளுத்துப்போய் என் கடைக்கு வந்தான்.

"பாய், பாவாவுக்கு வாரண்டு வந்துகீதுபா."

போனை நீட்டினான். கம்பெனி போட்ட அறிவிப்பு, இங்கிலீஷில். எம்.டி. பெயர் இருந்தது, அவர் மச்சினன் பெயர் இருந்தது, மும்பையில் ஏதோ ஒரு ஏஜென்சி பெயர் இருந்தது. எல்லார் பெயருக்கும் நேராக 'வாரண்ட்' என்று இருந்தது, சந்தேகமே இல்லை. எனக்கு மட்டும் ஒன்று இடித்தது. ஒரு ஆளைப் பிடிக்க ஒரு வாரண்டு போதும். இதில் மொத்தம் ஐந்து கோடி வாரண்டு என்று போட்டிருந்தது. அவ்வளவு பெரிய திருடனா என்று நான் கேட்டதும் பரந்தாமன் அங்கேயே டயர் மேல் உட்கார்ந்துவிட்டான்.

இரண்டு பேரும் ஹேமநாதனிடம் போனோம். பஜாரில் மாடியில் உட்கார்ந்து கடைக்காரர்களுக்கெல்லாம் வரிக்கணக்கு எழுதித் தருகிறவன். அறிவிப்பைப் படித்தான், எங்கள் முகத்தைப் பார்த்தான், மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தான். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான். இது போலீஸ் வாரண்டு இல்லை. பின்னால் ஒருநாள் கம்பெனியில் புது ஷேர்களை இன்றைக்குக் குறித்த மலிவு விலைக்கே எடுத்துக்கொள்ளலாம் என்று அவர்களே அவர்களுக்குக் கொடுத்துக்கொண்ட உரிமைச் சீட்டு. கம்பெனி வளராது, லாபம் வளராது, பங்கு மட்டும் பெருகும். அப்போது உங்கள் பங்கு தன்னால் சிறுத்துவிடும் என்றான்.

"அப்ப மாட்டுனது யாரு?" என்றான் பரந்தாமன்.

"நீங்க ரெண்டு பேரும்தான்."

அவனுக்கு அப்போதும் முழுதாகப் புரியவில்லை. பத்து லுங்கி இருந்தால் பத்து லுங்கிதானே, அது எப்படிச் சிறுக்கும் என்று கீழே இறங்கும்போது கேட்டுக்கொண்டே வந்தான். எனக்குத் தெரிந்த பாஷையில் சொன்னேன். பக்ரீத்துக்கு நாங்கள் ஒரு மாடு வாங்கினால் அதில் ஏழு பங்கு. ஏழு பேர் பணம் போட்டால் கதை முடிந்தது. அறுத்த பிறகு, என் மச்சினன் வந்திருக்கிறான், அவனுக்கும் ஒரு பங்கு போடு என்று எவனாவது எட்டாவது ஆளைக் கூட்டிவந்தால் குர்பானியே செல்லாது. உன் பாவா எண்பது பேரைக் கூட்டி வந்திருக்கிறான். மாடு அதே மாடுதான்.

இதைக் கேட்டதும் பரந்தாமன் படியிலேயே நின்றுவிட்டான். மீசை துடித்தது.

"என்னைக் கேக்காம என் பங்குல கை வைக்க அவன் யாரு பாய்?"

அன்றிலிருந்து அதுதான் அவன் பாட்டு. கடையில் அதே பேச்சு, டீக்கடையில் அதே பேச்சு, ராத்திரி தட்டில் சோறு விழும்போதும் அதே பேச்சு. பாவா என்ற சொல் போய்விட்டது, அவன் இவன் என்று ஆகிவிட்டது. என்னைக் கேட்டானா, ஒரு வார்த்தை கேட்டானா என்று சந்திராவிடம் தினமும் ஒரு பாட்டம் அழுவான். கேட்ட மாதிரி ஒரு மெயில் வந்திருக்கும், நீங்கள் திறந்திருக்க மாட்டீர்கள் என்று ஹேமநாதன் சொன்னதை அவன் காதில் வாங்கவே இல்லை. சந்திரா பாவம், தைத்துக்கொண்டே ஆமாம், கேட்டிருக்கணும்தான், கேட்காமல் செய்தது தப்புதான் என்று சமாதானம் சொல்வாள். நான் பக்கத்தில் இருந்தால் பரந்தாமன் என் கண்ணைப் பார்க்க மாட்டான்.

மார்கழியில் கே.ஜி.கண்டிகைக்கு வண்டியில் போய்ப் பார்த்தோம். ஃபாக்டரி இடத்தில் வேலிக்காத்தான் இருந்தது, ஆடுகள் இருந்தன, எம்.டி. படம் போட்ட பெரிய தகரப் பலகை ஒன்று இருந்தது. ஆடு மேய்க்கிற பாஞ்சாலி என்கிற அம்மா, பலகையைத் திருப்பி எடுத்துப் போகத்தான் வந்திருக்கிறீர்களா என்று எங்களைக் கேட்டாள். லாரியில் கொண்டுவந்து நட்டு, போட்டோ பிடித்துக்கொண்டு போனவர்கள் திரும்பி வரவே இல்லையாம். யாரும் கேட்கவில்லையென்றால் ஆட்டுக்கொட்டகைக்குக் கூரையாகப் போட்டுக்கொள்ளலாமா என்றாள். நாங்கள் இந்தக் கம்பெனிக்கு முதலாளிகள்தான், தாராளமாக எடுத்துக்கொள் என்று நான் அனுமதி கொடுத்தேன். அந்தக் கம்பெனியால் இந்த ஊருக்கு நடந்த ஒரே நல்லது அதுதான்.

தை பிறந்தது. ஒரு காலை, கடையின் ஷட்டரை நான் பாதிதான் தூக்கியிருந்தேன், பரந்தாமன் சட்டைப் பித்தானைக்கூடப் போடாமல் ஓடிவந்தான். போனில் கனகவாஹினி இருபத்தொரு ரூபாய் காட்டியது. முந்தின நாள் இரண்டு ரூபாய் பத்து காசு. என்னைக் கட்டிப்பிடித்தான், டீ வாங்கிக் கொடுத்தான், சமோசா வாங்கிக் கொடுத்தான், மாடியில் எத்தனை அறை, எந்தப் பக்கம் ஜன்னல் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனான். சமோசா பாதியில் அவன் குரல் நின்றது. போனில் கீழே மொத்த மதிப்பு என்று ஒன்று காட்டுமே, அது நேற்றைக்கு இருந்த அதே தொகைதான்.

மறுபடி ஹேமநாதன். இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை. பத்து ஷேரைச் சேர்த்து ஒன்றாக்கிவிட்டார்கள் என்றான். பத்து ஒரு ரூபாய்க் காசை வாங்கிக்கொண்டு ஒரு பத்து ரூபாய்க் காசு கொடுத்த மாதிரி. விலை பெரிதாகத் தெரியும், கையில் இருப்பது அதேதான். எம்.டி. வீடியோவில் வந்து, சொன்னேன் பார்த்தீர்களா, இருபதைத் தாண்டிவிட்டோம் என்று வாழ்த்துக்கூடச் சொல்லியிருந்தார். இரண்டு நாளில் அது பத்தொன்பதுக்கு இறங்கிவிட்டது. ஆனால் அந்த இரண்டு நாள் இருபதுக்கு மேலே நின்றது, அதுதான் பரந்தாமனைப் பிடித்துக்கொண்டது.

நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். அல்லாவும் சரி, உங்கள் முருகனும் சரி, இந்தக் கோல்மால் தெரியாதவர்களா, இதெல்லாம் இருபதில் சேராது என்றேன்.

"நான் ஷேர் கணக்கு சொல்லல பாய். இருபது ரூபான்னு சொன்னேன். அவரு இருபது ரூபா காட்டிட்டாரு."

மறுநாள் சந்திரா தையல் மிஷினிலிருந்து எழுந்திருக்கும்போது பெடலில் கால் மாட்டிக் கணுக்கால் சுளுக்கிக்கொண்டாள். அவ்வளவுதான், பரந்தாமன் நடுங்கிவிட்டான். முதல் நோட்டீஸ் வந்துவிட்டது, அடுத்தது என்னவாக இருக்குமோ என்றான். அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம், அவளிடம் சொல்ல வேண்டுமே என்ற பயம் ஒரு பக்கம். இரண்டில் எது பெரியது என்று எனக்கே தெரியவில்லை. என்னைக் கூட வரச் சொன்னான். நான் இருந்தால் அவள் கத்தரிக்கோலை வீச மாட்டாள் என்பது அவன் நம்பிக்கை.

மத்தியானம் போனோம். சந்திரா காலில் கட்டுடன் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு ஜாக்கெட்டுக்கு ஹூக் வைத்துக்கொண்டிருந்தாள். ஜடை தோள் வழியாக மடியில் வந்து சுருண்டு கிடந்தது. பரந்தாமன் ஆடிக் கிருத்திகையிலிருந்து ஆரம்பித்து, வரிசை, கூட்டம், நகருங்க நகருங்க எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். சொல்லும்போது ஜடையைத்தான் பார்த்தான், அவளைப் பார்க்கவில்லை.

அவள் ஹூக்கை வைத்து முடித்து நூலைப் பல்லால் கடித்தாள். ஒன்று சொல்ல வேண்டும். சந்திரா அவனை எப்போதும் வா, போ, நீ என்றுதான் பேசுவாள். சிரிப்பானாலும் சண்டையானாலும் அப்படித்தான். 'ங்க' போட்டால்தான் ஆபத்து.

"யாரு முடிங்க அது?" என்றாள்.

பரந்தாமன் என்னைப் பார்த்தான். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"உன்துதான்."

"யாரைக் கேட்டீங்க?"

அவன் கீழே கிடந்த ஒரு ஹூக்கைக் குனிந்து பொறுக்கினான்.

"அந்த எம்.டி. உங்களைக் கேக்கலன்னு இந்த ஊட்டுல மாசக்கணக்கா கத்தினுகீறீங்க. நானும் ஆமாம் ஆமாம்னு சொல்லிகினு இருந்தேன். அப்பல்லாம் என் முடி எங்க இருந்துச்சுங்க? ஏற்கெனவே கை மாறிப்போச்சு, எனக்குத்தான் தெரியல."

"சந்திரா, கூட்டத்துல தள்ளிட்டாங்க, வாயில வந்துடுச்சு."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேங்க." அவள் குரல் அங்கேதான் உடைந்தது. "சாமிக்குன்னா குடுக்க மாட்டேன்னா சொல்லுவேன்? உங்களுக்காகன்னா மாட்டேன்னா சொல்லுவேன்? கேக்கலியே."

எனக்கு அங்கே நிற்கவே கூச்சமாக இருந்தது. கிளம்பலாம் என்று திரும்பினேன். சந்திரா என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, செவ்வாக்கெழம நீங்களும் வாங்க. மலைக்குப் போலாம். மொட்ட போடற எடத்துல என்ன ஒக்கார வச்சு, அந்த முருகன் முன்னாடி இவரு என்னைக் கேக்கட்டும். அப்ப நான் சொல்றேன்."

வீட்டுக்குப் போய் ஷாஜாதியிடம் சொன்னேன். என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நீங்கள் என் பெயரில் எங்கேயாவது எதையாவது நேர்ந்துகொண்டிருக்கிறீர்களா என்று கேட்டாள். இல்லை என்று சத்தியம் செய்த பிறகுதான் சோறு போட்டாள்.

செவ்வாய்க்கிழமை வரைக்கும் பரந்தாமன் கடையில் வியாபாரம் நடக்கவில்லை. பச்சை லுங்கி கேட்டவனுக்கு நீலம் கட்டிக் கொடுத்தான். அவள் மாட்டேன் என்றால் சாமி குற்றம், சரி என்றால் அந்த முடி போய்விடும். இரண்டில் எது நடக்க வேண்டும் என்று நீ நினைக்கிறாய் என்று கேட்டேன். அவன் ஷட்டரை இறக்கினான்.

சந்திராவால் நடக்க முடியாது என்பதால் சர்வீசுக்கு வந்திருந்த ஒரு ஆட்டோவை எடுத்துக்கொண்டேன். பிரேக் சரிபார்க்கிற சாக்கு. மூன்று பேரும் மலையடிவாரத்தில் சரவணப் பொய்கைக்குப் போனோம். மொட்டை அடிக்கிற மண்டபத்தில் நல்ல கூட்டம். நகரியிலிருந்து ஒரு குடும்பம் குழந்தைக்கு முதல் முடி எடுக்க வந்திருந்தது, குழந்தை ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது. சந்திரா மஞ்சள் சேலை கட்டியிருந்தாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு போய் நாவிதர் முன்னால் பலகையில் உட்கார்ந்தாள். பிறகு ஜடையை அவிழ்த்தாள்.

அந்த முடி முழுதாகத் தரையில் விழுந்து பரவியதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். நகரிக் குடும்பத்தில் ஒரு அம்மா அய்யோ என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். நாவிதர் புது பிளேடைப் பாதியாக உடைத்துக் கத்தியில் மாட்டிக்கொண்டிருந்தவர், கையை நிறுத்திவிட்டார். முழுசாவாம்மா என்று கேட்டார்.

"இருங்க. கேக்க வேண்டியவரு இன்னும் கேக்கல," என்றாள் சந்திரா. பரந்தாமன் பக்கம் திரும்பினாள். "கேளுங்க."

பரந்தாமன் அவள் எதிரில் நின்றான். மலையைப் பார்த்தான், கும்பிட்டான், தொண்டையைச் செருமினான். சந்திரா என்றான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் சந்திரா என்றான். அதற்கு மேல் வரவில்லை. வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான். மீசை மட்டும் ஆடியது. மனுஷன் ஷேர் விலை விழுந்த நாட்களில்கூட அப்படி நின்று நான் பார்த்ததில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"எழுந்துக்கோ," என்றான். "எனக்குப் போடுய்யா."

"ஏங்க, கேக்கலியா?"

"கேக்க முடியலடி. இத்தினி நாளா ஒண்ணுமே தோணல. வாயத் தொறந்து உன்னக் கேக்கணும்னு வந்தப்புறந்தான் அது உன்துன்னே தெரியுது."

சந்திரா முடியைச் சேர்த்து முன்னால் அள்ளிப் போட்டுக்கொண்டு நகர்ந்து இடம் விட்டாள்.

பரந்தாமன் பலகையில் உட்கார்ந்தான். நாவிதர் அவன் தலையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, இதுல எடுக்க இன்னா கீது நைனா என்று மரியாதையாகவே கேட்டார். காதோரம் இருக்கிறதை எல்லாம் எடு என்றான். பின்கழுத்தில் இருக்கிறதையும் எடு என்றான். தண்ணீர் பட்டதும் டை கரைந்து கறுப்பாக முதுகில் ஓடியது. எல்லாம் ஆன பிறகு, நாவிதர் கத்தியை மடக்கப் போகும்போது, பரந்தாமன் தன் மீசையைத் தொட்டுக் காட்டினான். இதுக்கு வேண்டுதல் இல்லையே என்றார் நாவிதர். இருக்கறது இது ஒண்ணுதான், எடுத்துக்கோ என்றான்.

அவன் எழுந்து திரும்பியபோது எனக்கு யாரென்றே தெரியவில்லை. உரித்த முட்டைக்குச் சட்டை போட்ட மாதிரி இருந்தான். நான் சிரித்துவிட்டேன், அடக்க முடியவில்லை. நாவிதரும் சிரித்தார், அந்த நகரிக் குழந்தைகூட அழுகையை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தது. சந்திரா சிரிக்கவில்லை. அவன் மேலுதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அந்த இடத்தைப் பார்த்ததில்லையாம், பிறகு சொன்னாள். அங்கே ஒரு சின்ன மச்சம் இருந்தது.

அவள் முடியின் நுனியைக் கையில் பிடித்து நாவிதரிடம் நீட்டினாள். எங்கள் பக்கத்துப் பெண்கள் முழு மொட்டை போடாமல் சாமிக்கு நுனி முடி மட்டும் கொடுப்பார்கள், மூன்று தடவை வெட்டி.

"மூணு கத்திரி போடுங்க," என்றாள்.

பரந்தாமன் பதறிப்போய், "நான் கேக்கலியே," என்றான்.

"நீ கேக்கல," என்றாள் சந்திரா. "நான் குடுக்கறேன்."

'ங்க' போய்விட்டதை நான் கவனித்தேன். அவனும் கவனித்திருப்பான், ஏனென்றால் அதற்குப் பிறகுதான் மூக்கைச் சிந்தினான்.

ஆட்டோவிலேயே மலைக்கு மேலே போனோம், அவர்கள் கும்பிட்டுவிட்டு வந்தார்கள். நான் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தேன். கீழே வந்து டீ சொல்லிவிட்டு நிற்கும்போது பரந்தாமன் போனில் மெயில் வந்தது. கனகவாஹினிதான். எம்.டி.க்கும் மச்சினனுக்கும் இன்னும் கொஞ்சம் வாரண்ட் கொடுக்கப் போகிறார்களாம், பங்குதாரர்கள் சம்மதம் வேண்டுமாம், சரி அல்லது வேண்டாம் என்று ஓட்டுப் போட வேண்டுமாம். ஹேமநாதன் சொன்னது சரிதான், கேட்கத்தான் கேட்கிறார்கள், இவன்தான் இத்தனை நாளும் திறந்து பார்க்கவில்லை.

பரந்தாமன் போனைச் சந்திராவிடம் நீட்டி, என்ன போடட்டும் என்றான். உன் பங்கு, நீயே போடு என்றாள் அவள். நான் உன்னைக் கேட்கிறேன் என்றான். அந்த வாரத்தில் முதல் தடவையாக அவள் சிரித்தாள். வேண்டாம்னு போடு என்றாள். போட்டான். நானும் என் போனைத் தேடி எடுத்து வேண்டாம் என்று போட்டேன்.

எங்கள் இரண்டு ஓட்டும் போக, மற்றதெல்லாம் அவர்கள் கையில்தான் இருந்தது. தீர்மானம் அமோகமாக நிறைவேறிவிட்டது. எம்.டி. இப்போது பேட்டரியை விட்டுவிட்டு ஹைட்ரஜன் என்கிறார். பாஞ்சாலி வீட்டு ஆடுகள் அவர் படத்துக்குக் கீழே சுகமாகப் படுத்திருக்கின்றன. பரந்தாமன் கையிலிருந்த ஷேர்களை வந்த விலைக்குத் தள்ளிவிட்டான். மாடிக்கு இன்னும் இரண்டு மூன்று தீபாவளி ஆகும்.

மீசை பாதி வளர்ந்திருக்கிறது. நரைத்து வளர்ந்திருக்கிறது, முறுக்குகிற அளவுக்கு இல்லை. போன வாரம் மீசைக்கு டை வாங்கி வருகிறேன் என்று கிளம்பியவன் வெறுங்கையோடு திரும்பி வந்தான். கடை பூட்டியிருந்ததா என்று கேட்டேன். இல்லை, கடை வாசல் வரைக்கும் போனேன், அப்போதுதான் ஞாபகம் வந்தது என்றான்.

"மீச இருக்கணுமா, அந்த மச்சம் தெரியணுமான்னு சந்திராவ இன்னும் கேக்கல பாய்."